பால் கொடுக்கும் தாய்க்கு வீட்டார் செய்ய வேண்டியவை

முதலில், “பால் போதலையோ?” என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்காதீர்கள். குழந்தை அழுதாலே பால் இல்லை என்று அர்த்தமில்லை. முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளில் குறைந்தது 6 முறை சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது. சந்தேகம் வந்தால் எடை பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். உடனே பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டாம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இடையில் புட்டிப்பால் புகுந்தால் சுரப்பு குறையத் தொடங்கும்.

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும், இரவிலும்தான். அந்த நேரத்தில் கணவர் எழுந்து குழந்தைக்குத் துணி மாற்றலாம், தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கலாம். தாயின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வையுங்கள். பால் கொடுக்க உட்கார்ந்ததுமே தாகம் எடுக்கும்.

பத்தியம் என்று சொல்லிக் காய்கறி, பழம், பருப்பை நிறுத்துவது எனக்கு ஏற்பில்லை. பூண்டுக்குழம்பு கொடுங்கள், கூடவே வயிறு நிறையச் சோறும் போடுங்கள்.

6 மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம், சித்திரை வெயிலிலும்; தேன் ஒரு வயது வரை வேண்டாம்.

மார்பு கட்டி, சிவந்து, காய்ச்சல் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

வந்த விருந்தாளிகளுக்குக் காபி போடும் வேலை அவளுடையதல்ல.