தேடினால் தெரியும் கேமரா!

மாமா கடையில் புதுசா கேமரா மாட்டியிருக்கிறார். செல்போனிலேயே கடையைப் பார்க்கலாம். "வேற ஆளும் பார்க்கலாமா மாமா?"ன்னு கேட்டேன். சிரித்தார். பார்க்கலாம் நண்பர்களே!

சில கேமராக்களுக்குள்ளேயே ஒரு வலைப்பக்கம் உண்டு. பாஸ்வேர்டு போடாமல் நெட்டில் விட்டால் கூகுள் அதையும் பட்டியலில் சேர்த்துவிடும். ஒரே மாடல் கேமராக்களின் முகவரியில் ஒரே சொல் வரும். 2005-இல் அந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு எங்கோ இருக்கிற கடையும் தெருவும் நேரடியாகத் தெரிந்தன. இப்படிப்பட்ட கருவிகளைத் தேடவே 2009-இல் 'ஷோடான்' வந்தது. ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் படங்களையே திருடி விற்றது 2025-இல் தெரியவந்தது.

மாமாவின் பாஸ்வேர்டு? "கம்பெனிக்காரன் போட்டதுதான் மருமோனே!" அது ஊருக்கே தெரியுமே! அந்தக் கேமராவில் பாட்டி படுக்கும் கட்டிலும் தெரிகிறது. அன்னைக்கு ராத்திரியே மாற்ற வைத்தேன்.