உள்ளத்தை அளக்கும் கோல்

பாலாற்றுப் பகுதியிலுள்ள வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. அத்தொழிற்சாலைகளில் தோலைத் தரம் பிரிப்போர் உளர். அவர் தோலை வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவி, கத்தி பட்ட இடமும் உண்ணி கடித்த வடுவும் கண்டு, இஃது இன்ன தரத்தது என நொடிப்பொழுதில் உரைப்பர். பழகிய கண்ணும் கையுமே அவர்க்கு அளவுகோல். அவ்வூர்ப் பள்ளிகளிற் பயிலும் சிறுவரையும் இவ்வாறே தரம் பிரித்துவிடலாகுமோ? பாடம் வாராத பிள்ளையை 'மக்கு' என்னும் ஒரே சொல்லாற் கடைசிப் பலகைக்கு அனுப்புதல் நெடுங்காலம் நம் நாட்டில் நடந்து வந்ததே. சொன்னவர் மறந்துவிடுவர், கேட்ட பிள்ளை மறப்பதில்லை.

பிரான்சு நாட்டில் 1882-ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபின், எல்லாப் பிள்ளைகளும் பள்ளி புகுந்தனர். அவருள் தனி உதவி வேண்டுவோர் யாவர் என அறியும் பொறுப்பு ஆல்பிரட் பினே என்னும் உளநூற் புலவரிடம் வந்தது. அவரும் சீமோன் என்னும் மருத்துவரும் 1905-ஆம் ஆண்டில் 30 வினாக்கள் கொண்ட தேர்வொன்றை வகுத்தனர். எரியும் தீக்குச்சியைக் கண்ணாற் பின்பற்றுதல் முதற்படி. சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லுதல், இரு கோடுகளில் நெடியது காட்டுதல் எனப் படிப்படியே அஃது அருமையாகிச் செல்லும். ஏட்டுப் படிப்பை அளப்பதன்று, அறியும் ஆற்றலை அளப்பதே அவர் நோக்கம். அவ்வாற்றல் பயிற்சியால் வளரும் என்றே பினே கருதினார்.

அவர் கருத்தைப் பின்வந்தோர் சிலர் போற்றவில்லை. அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டளவில் காடார்டு என்பார், கப்பலில் வந்திறங்கிய அயல்நாட்டார் சிலரை இத்தகைய தேர்வால் அளக்கச் செய்து, அவருட் பெரும்பாலோரை அறிவு குன்றியோர் என முடிவு கட்டினார். நெடும்பயணத்தாற் களைத்து, புதுநாட்டில் அஞ்சி நின்றோர் அவர்! கோல் கோணியதன்று, பிடித்த கை கோணியது.

நம் நாட்டில் தார்வார் நகரத்து வி. வி. காமத் என்பார், 1930-களில் இத்தேர்வைக் கன்னடம், மராத்தி மொழிகளிற் பிள்ளைகளுக்கு ஏற்ப அமைத்தார். பினே–காமத் தேர்வு என்னும் அது இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகிறது.

மொழியின் பொருட்டுக் காமத் கொண்ட கவலை ஆம்பூருக்கு மிகப் பொருந்தும். அங்கே வீட்டில் உருது பேசும் சிறுவனும், தெலுங்கு பேசும் சிறுமியும், தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருப்பர். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. தமிழோ இடமிருந்து வலமாகச் செல்வது. தமிழிலும் ஓர் அருமை உண்டு. 'கே' என்பதில் முதலில் ஒலிப்பது ககரமெய். முதலில் எழுதுவதோ ஏகாரக் குறி. 'கோ' என்பதிலோ குறி இருபுறமும் நிற்கும். புதிதாகத் தமிழெழுத்துக் கற்கும் பிள்ளை இவற்றில் தடுமாறினால், அது மொழி புதிதாகையால் நேர்ந்ததோ, எழுத்தறிதலிற் பிறவியிலேயே உள்ள இடரோ என ஆராயாது கூறலாகாது. வீட்டுமொழியில் விடுகதைக்கு விரைந்து விடை சொல்லும் பிள்ளை, பிறமொழி வினாவுக்கு வாய் மூடி நிற்றல் இயல்பே.

ஆதலின் முறையறிந்தோர் முதலிற் கண்ணையும் செவியையும் சோதிப்பிப்பர். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு வேண்டுவது கண்ணாடி, கடிந்துரை அன்று. பின்னர்ப் பெற்றோரிடம் பிள்ளை வளர்ந்த வரலாற்றைக் கேட்பர். எழுதிய ஏடுகளைப் பார்ப்பர். அதன்பின்னரே தேர்வு நடைபெறும். அறிவு நிறைந்திருந்தும் எழுத்தோ எண்ணோ மட்டும் வசப்படாமையைக் 'கற்றல் குறைபாடு' என்பர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகையுள் இதுவும் ஒன்று. தக்க சான்று பெற்ற மாணவர்க்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தருவோர் உதவியும் கிடைக்கின்றன. பெயர் சூட்டினால் ஊரார் இகழ்வரோ என அஞ்சிச் சான்று பெறாதிருக்கும் பெற்றோரும் உளர். அவ்வச்சத்தின் விலையைப் பிள்ளை தேர்வுக்கூடத்திற் செலுத்துகிறான்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் உள்ளது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்குதல் அங்குத் தொடக்கமுதலே உள்ள வழக்கம். பிள்ளைகட்கென அங்கே 'நம்பிக்கை நிலையம்' என்னும் பகுதி இயங்குகிறது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையை அளந்து எண்ணொன்றைத் தாயின் கையிற் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. தாயும் பிள்ளையுடன் இருந்து, சட்டைப் பொத்தான் இடுதல், தானே உண்ணுதல், நிறமறிதல் போன்றவற்றைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறாள்.