லைனில் தோழி, தெருவில் யாரோ?

கேள்வி: ஷூ கம்பெனியில் தையல் லைனில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். பக்கத்து மெஷின் பெண்கள் என்னிடம் உயிராகப் பழகுவார்கள். எங்கள் காலனியில் வீடு கட்டி, புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைத்தேன். ஒருத்தரும் வரவில்லை. மறுநாள் மொய்க் கவரைக் கையில் கொடுத்தார்கள். இத்தனை நாள் பழகியது நடிப்பா?
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: நடிப்பாக இருக்காது. டார்கெட் நெருக்கும் லைனில் எட்டு வருடம் யாராலும் நடிக்க முடியாது. பக்கத்தில் இருப்பதால் மட்டுமே வேற்றுமை கரைந்துவிடாது. சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு வேலை, மேலிடத்தின் ஆதரவு ஆகியவையும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். இவற்றில் குறைந்தது முதல் மூன்றும் உங்கள் லைனில் இருக்கின்றன. நீங்கள் தைத்த ஷூ மேல்பகுதி (அப்பர்) அடுத்த மெஷினுக்குப் போகிறது. ஓரிடத்தில் தேங்கினால் எல்லோருக்கும் திட்டு. அங்கே ஊர்த்தெரு, காலனி என்ற சாதிக் கணக்கு பார்த்தால் வேலை ஓடாது. அப்படி வளர்ந்த பாசம் அசல்தான். ஆனால் அது பல நேரம் வளர்ந்த இடத்தைத் தாண்டுவதில்லை. ஈராக்கில் கிறிஸ்தவக் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. கலப்பு அணியில் ஆடியவர்கள் ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மோசுல் நகரத்து உணவகத்துக்குப் போவதிலும், இரு தரப்பும் கூடும் நிகழ்ச்சிக்கு வருவதிலும் பெரிய மாற்றமில்லை. உங்கள் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

சாப்பாடு ஏன் கடைசித் தடையாக நிற்கிறது? கம்பெனியில் விதி முதலாளியுடையது. பந்தியில் விதி ஊருடையது. யார் வீட்டில் யார் கை நனைத்தார் என்பதை நம் தெருக்கள் இன்னும் கவனிக்கின்றன. அரசாங்கமே இதில் தடுமாறியது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது, மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது. ஆல்போர்ட் சொன்ன நான்காவது நிபந்தனையான மேலிட ஆதரவு நம் ஊரில் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் சாதியையே காரணமாக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாக இருக்கும். வீட்டு ஆண்களின் அனுமதி வேறு. ஒருவர் வராததற்கு இவை போதும். ஆனால் அதே பெண்கள் மற்ற தெரு விசேஷங்களுக்கு நேரம் ஒதுக்கினார்களா என்று பாருங்கள். ஒதுக்கியிருந்தால் பஸ்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போதும், மொய் கொடுக்க நினைத்தவர்கள் உங்களை வெறுக்கவில்லை. தங்கள் தெருவுக்குப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு நீங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற கோபம் நியாயமானது. அதை விழுங்கச் சொல்லமாட்டேன்.

அடுத்த விசேஷத்துக்குத் தனித்தனியாகப் பத்திரிகை வைக்காதீர்கள். தனியாக வருபவர்தான் தன் தெருவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லைன் மொத்தத்தையும் ஒரே வேனில் அழையுங்கள், சூப்பர்வைசரையும் சேர்த்து. அதற்கும் ஒருத்தி வர மறுத்தால், காரணத்தை அவளிடமே நேராகக் கேட்கலாம். எட்டு வருடப் பழக்கம் அந்த உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.