விலை குறைந்தது ஏன்?

நுழையும் முன்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "வாடகை கொடுத்தே காலம் கழிகிறது, நமக்கென ஒரு வீடு வேண்டாமா?" என்பதே அது. இது பெரியோர் பேசும் பேச்சு என நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், வீடு மாறினால் பள்ளி மாறும், தோழமை மாறும், படிக்கும் மொழியும் மாறக்கூடும். ஆகவே, இம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை மாணவரும் அறிதல் வேண்டும். இப்பாடத்தில் வரும் குடும்பம் கற்பனை. நிகழ்வுகளும் சட்டங்களும் ஆண்டுகளும் உண்மை.

வந்தவர் வாழும் நகரம்

கொச்சி, வந்தவரை வாழவைத்த நகரம். மட்டாஞ்சேரியின் தெருக்களில் குஜராத்தியரும் கொங்கணியரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். யூதர்கள் 1568ஆம் ஆண்டில் எழுப்பிய தொழுகைக்கூடம் இன்றும் அங்கு நிற்கிறது. கோட்டைக் கொச்சியில் டச்சுக்காரர் காலத்தில் வந்த தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தொழிலைச் செய்துவருகின்றனர். வந்தவர் நிலைத்தமைக்கு அடையாளம் அவர்தம் வீடே.

கலூரும் அத்தகைய குடியேற்றப் பகுதியே. பேருந்து நிலையம், புனித அந்தோணியார் திருத்தலம், ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம், மெட்ரோ நிலையங்கள் எல்லாம் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. அங்கு ஒரு சந்தில், மாடி வீடொன்றில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு வாழ்கிறது. தந்தை ஒரு கடையில் கணக்கர். தாய் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்கிறார். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் நான்காம் வகுப்பிலும் பயில்கின்றனர். ஆச்சியும் உடன் இருக்கிறார்.

ஒரு நல்ல செய்தி

ஒரு ஞாயிறு மாலை தந்தை மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். ஆலுவாவுக்கு அப்பால் ஓர் ஊரில் ஐந்து சென்ட் மனை. அதில் சிறு வீடு ஒன்றும் கட்டித் தருவார்களாம். இரண்டும் சேர்த்து 28 இலட்சம் ரூபாய் என்று தரகர் கூறியிருந்தார். கலூரில் அத்தொகைக்கு மனைகூடக் கிடைக்காது.

மகள் நோட்டை எடுத்தாள். கேரளத்தில் சொத்தைப் பதிவு செய்ய முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. முழுத் தொகைக்கும் பதிவு செய்தால் 2,80,000 ரூபாய் ஆகும். ஆக மொத்தம் 30,80,000 ரூபாய். வங்கிக் கடன் 20 இலட்சம். சேமிப்பு 8 இலட்சம். எஞ்சிய 2,80,000 ரூபாய்க்கு வழி?

தந்தை சற்றுத் தயங்கினார். "ஊரில் இருக்கும் வயலை விற்றால் சரியாகிவிடும்" என்றார்.

ஆச்சி எதுவும் பேசவில்லை. அவ்வயல் அவர் கணவர் உழுத வயல்.

தாய் கடனைப் பற்றி வினவினார். ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு எனக் கொண்டால், 20 இலட்சம் ரூபாயை 20 ஆண்டுகளில் அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ 17,356 ரூபாய் செலுத்த வேண்டும். 240 மாதங்களில் செலுத்தும் தொகை ஏறத்தாழ 41,65,000 ரூபாய். வட்டி மட்டுமே அசலை மிஞ்சும். "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்னும் பழமொழி சும்மா பிறக்கவில்லை.

அப்போது ஆச்சி வாய் திறந்தார். "ஐயா, மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கமாட்டோம். விலை குறைவென்றால் இன்னும் ஒருமுறை பார்ப்போம். மனைக்கு எதைப் பார்ப்பது?"

அக்கேள்வி அன்றிரவு முழுவதும் மகளின் நெஞ்சில் நின்றது. காலையில் நோட்டின் புதிய பக்கத்தில் 'விலை குறைந்தது ஏன்?' என்று எழுதினாள். அதன்கீழ், 'தொலைவாலா? நீராலா? ஆவணத்தாலா?' என மூன்று வினாக்களை வரிசைப்படுத்தினாள்.

முதல் வினா: தொலைவு

கொச்சி மெட்ரோ 2017ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் ஆலுவாவுக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையே தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கலூர் வழியாக மகாராஜா கல்லூரி வரை நீண்டது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருப்பூணித்துறையை அடைந்தது. இன்று ஆலுவா முதல் திருப்பூணித்துறை வரை 25 நிலையங்கள் உள்ளன. இதனால் புறநகரும் நகரும் நெருங்கின. ஆனால், மெட்ரோ நிலையத்துக்கு அருகில் உள்ள மனை வேறு. நிலையத்திலிருந்து பேருந்து ஏறிச் செல்ல வேண்டிய மனை வேறு.

குடும்பத்தினர் ஒரு வேலைநாளில் அவ்வழியே பயணம் செய்து பார்த்தனர். பேருந்திலும் மெட்ரோவிலுமாக ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நாளொன்றுக்கு இரண்டரை மணி. மாதம் 25 நாள் எனில் 62 மணி நேரத்துக்கும் மேல். மாதந்தோறும் இரண்டரை நாள்களைத் தந்தை வண்டியிலேயே கழிக்க வேண்டும். பயணச் செலவையும் மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"நானும் தம்பியும் எந்தப் பள்ளியில் படிப்போம், அப்பா? அங்கே தமிழ் வகுப்பு இருக்குமா?" என்று மகள் கேட்டாள். தந்தை அவ்வினாவையும் நோட்டில் எழுதச் சொன்னார். ஆயினும், தொலைவு தாங்கக்கூடிய குறை என்றே அனைவரும் கருதினர்.

இரண்டாம் வினா: நீர்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் பெருமழை பொழிந்தது. பெரியாறு கரைபுரண்டு ஆலுவா, பறவூர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மூடப்பட்டது. தமிழ்நாட்டிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்ததுண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது, சென்னைப் புறநகரான முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. நகரில் வீடு வாங்க இயலாமல் அங்குச் சென்ற நடுத்தரக் குடும்பங்களே பெரிதும் துன்புற்றன.

நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. மனையைக் கோடையில் மட்டும் பார்ப்பவர் அவ்வழியை அறியார். எனவே, தாயும் மகளும் அம்மனைக்கு அருகில் வாழ்வோரிடம் சென்று, "2018இல் இங்கு நீர் எவ்வளவு உயரம் ஏறியது?" என்று கேட்டனர். ஒரு மூதாட்டி தம் வீட்டுச் சன்னலின் கீழ்விளிம்பைக் கைகாட்டினார். தரகர் சொல்லாத செய்தியை அக்கை சொல்லிற்று.

மூன்றாம் வினா: ஆவணம்

தந்தை மனையின் ஆவண நகலைப் பெற்று வந்தார். மலையாள எழுத்தை அவர் தட்டுத்தடுமாறிப் படிப்பார். "நிலம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இனி என்ன ஐயம்?" என்றார்.

"வீட்டுமனை என்று ஏன் எழுதவில்லை, அப்பா?" என்றாள் மகள்.

வீட்டு உரிமையாளரான சேச்சியிடம் நகலைக் காட்டினர். அவர் முகம் மாறியது. கேரள வருவாய்ப் பதிவேடுகளில் 'நிலம்' என்பது நெல்வயலைக் குறிக்கும். வீடு கட்டுதற்குரிய இடம் 'புரயிடம்' எனப்படும். நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காப்பதற்காகக் கேரளத்தில் 2008ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. காக்கப்பட வேண்டிய வயல்களின் பட்டியலுக்குத் 'டேட்டா பேங்க்' என்று பெயர். வயலெனப் பதிவான இடத்தில் உரிய அனுமதியின்றி வீடு கட்ட இயலாது. தமிழர் அறிந்த ஒரு சொல்லே தமிழ்க் குடும்பத்தை ஏமாற்ற இருந்தது!

இவ்வாறு இரு மொழிகளிலும் உருவால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்கள் இன்னும் உள்ளன:

- ஆதாரம்: தமிழில் சான்று, கேரளத்தில் சொத்துப் பத்திரம். முந்தைய பத்திரம் 'முன்னாதாரம்' எனப்படும்.
- கரம்: தமிழில் கை, கேரளத்தில் வரி. ஆண்டுதோறும் கிராம அலுவலகத்தில் கரம் செலுத்திய ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.
- போக்குவரவு: தமிழில் சென்று வருதல், கேரளத்தில் வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றுதல். தமிழ்நாட்டில் இதனைப் பட்டா மாறுதல் என்பர்.

இவற்றோடு, சொத்தின்மீது கடனோ வழக்கோ பதிவாகியுள்ளதா என்பதைக் காட்டும் வில்லங்கச் சான்றையும் பெற வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பாயின், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில ரெரா ஆணையத்தில் அத்திட்டம் பதிவாகியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அச்சட்டத்தின்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது.

மரடு கற்பித்த பாடம்

தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. "அங்கே பலர் வீடு கட்டியிருக்கிறார்கள். அனுமதி வாங்கித் தருவதாகத் தரகரும் சொல்கிறார்" என்றார்.

அதற்குச் சேச்சி மரடு நிகழ்வை நினைவூட்டினார். மரடு, கொச்சியை ஒட்டிய காயலோர ஊர். அங்கு எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி வழங்கியிருந்தது. அவ்வனுமதியை நம்பி, 340க்கும் மேற்பட்ட வீடுகளைப் பலர் விலைகொடுத்து வாங்கினர். ஆனால், அவை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறிக் கட்டப்பட்டவை. 2019ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க ஆணையிட்டது. குடியிருந்தோர் பொருள்களைச் சுமந்துகொண்டு வெளியேறினர். வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க நீதிமன்றம் பணித்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் வெடிமருந்து வைத்து அக்கட்டடங்கள் தகர்க்கப்பட்டன. பல்லாண்டு நின்ற மாடிகள் சில நொடிகளில் மண்மேடாயின.

அங்கு வீடு வாங்கியோர் ஏழைகளும் அல்லர்; கல்லாதவரும் அல்லர். அவர்களிடம் பத்திரமும் இருந்தது, அனுமதியும் இருந்தது. அவ்வனுமதி சட்டத்துக்குப் பொருந்துமா என்னும் ஒரு வினாவே எஞ்சியிருந்தது.

தந்தை நெடுநேரம் அமைதியாக இருந்தார்.

முடிவு

இரவு உணவுக்குப்பின் மூன்று வினாக்களுக்கும் உரிய விடைகளை மகள் படித்தாள். தொலைவு தாங்கத்தக்கது. நீருக்கு அஞ்சுவோர் மனையை உயர்த்தி வீடு கட்டலாம், செலவு மிகும். ஆவணக் குறையையோ வாங்குபவர் தம் உழைப்பால் சரிசெய்ய இயலாது. அம்மனையை வாங்குவதில்லை என்று தந்தை கூறினார்.

"அப்படியானால் எப்போதும் வாடகை வீடுதானா?" என்று மகன் வருந்தினான்.

"இந்த மனை வேண்டாம் என்றுதான் சொன்னேன், வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை" என்றார் தந்தை. அடுத்த ஞாயிறு திருப்பூணித்துறைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பார்க்கச் செல்வதென முடிவாயிற்று. அவ்வீடு சிறியது, விலையோ சற்று அதிகம். அதனை வாங்க இன்னும் சில ஆண்டுகள் சேமிக்க வேண்டியிருக்கலாம். ஊர் வயலை விற்கவும் நேரலாம்.

"விற்கும் நாள் வந்தால் விற்போம், ஐயா. ஒரு வயலைக் கொடுத்து வீட்டை வாங்கலாம், இன்னொரு வயலை வாங்கி வீடென்று நம்பக்கூடாது" என்றார் ஆச்சி.

மகள் நோட்டை மூடவில்லை. புதிய பக்கத்தில் திருப்பூணித்துறை என்று எழுதி, அதன்கீழ் அதே மூன்று வினாக்களை மீண்டும் எழுதினாள்.

சொல்லும் பொருளும்

தீர்வை – வரி
அசல் – கடனாகப் பெற்ற முதல் தொகை
காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி
வில்லங்கம் – சொத்தின்மீதுள்ள கடன், வழக்கு முதலிய தடை
வழித்தோன்றல் – பிற்காலத் தலைமுறையினர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்', 'புரயிடம்' ஆகியன எவற்றைக் குறிக்கும்?
2. மூதாட்டி சன்னலைக் கைகாட்டியதால் அறியப்பட்டது யாது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இருந்தும் மரடு குடியிருப்புகள் இடிக்கப்பட்டது ஏன்?
2. தொலைவு, நீர், ஆவணம் ஆகிய மூன்றனுள் ஆவணக் குறையே பெரிதெனக் குடும்பத்தினர் கருதியது ஏன்?

இ. கணக்கிடுக.
ஒரு சென்ட் 435.6 சதுர அடி எனில், ஐந்து சென்ட் எத்தனை சதுர அடி?

ஈ. சிந்தித்து எழுதுக.
ஊர் வயலை விற்று நகரில் வீடு வாங்குவது சரியா? ஆச்சியின் நிலையிலிருந்தும் தந்தையின் நிலையிலிருந்தும் எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியோரிடம் பேசி, தமிழிலும் நீங்கள் வாழும் மாநில மொழியிலும் உருவால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்கள் ஐந்தினைத் தொகுத்து வருக.