கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃபேஷியல் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஸ்பாவில் இளமை தரும் ஃபேஷியல் செய்துகொள்ளலாமா? சுருக்கம் போகுமா?

பதில்: முந்தின நாள் வேண்டவே வேண்டாம். 5 முதல் 7 நாள் முன்பே முடித்துவிடுங்கள். கரும்புள்ளி எடுத்த மூக்கோரம் சிவந்து நிற்கும். அது அடங்க ஓரிரு நாள் பிடிக்கும். புது க்ரீம் ஒத்துக்கொள்ளாமல் போனால் சரிசெய்ய அவகாசமும் வேண்டுமே! அந்த க்ரீமை முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, 24 மணி நேரமாவது பொறுத்துப் பாருங்கள்.

ஃபேஷியல் என்பது க்ளென்சிங், ஸ்க்ரப், ஆவி, மசாஜ், மாஸ்க் என்று வரிசையாகப் போகும். கைதேர்ந்தவரை மசாஜில்தான் அடையாளம் காணலாம். தாடையிலிருந்து காதை நோக்கி, புருவத்திலிருந்து நெற்றியின் மேலாக விரல்கள் நகரும். கண்ணுக்கடியில் மோதிர விரல் மட்டும், அழுத்தமே இல்லாமல். ரத்த ஓட்டம் கூடுவதால் முகம் பளிச்சென்று இருக்கும். ஈரப்பதத்தால் மெல்லிய கோடுகள் சில நாள் மங்கும். ஆழமான சுருக்கம் போகாது. போகும் என்று சொல்லிப் பெரிய பேக்கேஜ் விற்பவர்களை நம்பாதீர்கள்.

ரெட்டினால் க்ரீம் பூசுபவர் என்றால் சில நாள் முன்பே நிறுத்துங்கள், அழகுக்கலைஞரிடமும் சொல்லிவிடுங்கள். சீழ் வைத்த பரு இருந்தால் ஆவியும் ஸ்க்ரப்பும் கூடாது, தோல் மருத்துவரைப் பாருங்கள். ஃபேஷியலுக்குப் பிறகு பத்திரிகை வைக்க வெயிலில் அலைய வேண்டியிருந்தால், எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன் தடவாமல் கிளம்பாதீர்கள்.