கூட்டு இணையப் பக்கங்களைக் குறித்த வேளையில் புதுப்பித்தல்

பலர் கூடிச் சேர்க்கும் செய்திகளிலிருந்து அமையும் இணையப் பக்கங்கள் இருவகைப்படும். படிப்பவர் கேட்குந்தோறும் புதிதாக ஆக்கப்படுவது ஒருவகை. முன்னரே ஆக்கி வைத்துக் குறித்த வேளையில் மட்டும் மீண்டும் ஆக்கப்படுவது மற்றொரு வகை. பின்னதற்கு எளிய கணிப்பொறியே போதும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்கலாம்.

அந்தமான் நிகோபார்த் தீவுகளுக்கு இம்முறை ஏற்றதாகும். சென்னையிலிருந்து அங்குச் செல்லும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் காட்டினுள்ளும் கடலிலும் பணிபுரிவோர்க்கு இணைப்பு எங்கும் கிட்டுவதில்லை. புறப்படுமுன் இறக்கிய பக்கமே அவர்களுக்குத் துணை.

தீவுகளின் படகுத் துறைகளைக் காட்டும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கான செய்தி, 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் கூட்டு நிலப்படத்திலிருந்து பெறப்படுகிறது. தன்னார்வலர் செய்யும் மாற்றங்களை அத்திட்டம் நிமிடம், மணி, நாள் என்னும் மூன்று அளவுகளில் கோப்புகளாக வெளியிடுகிறது. நாட்கோப்பு உலகப் பொதுநேரப்படி நள்ளிரவில் முடிவுறும். அப்போது இந்திய நேரம் காலை 5.30.

இங்கேதான் பிழை நேர்கிறது. இரவில் கணிப்பொறி ஓய்வாக இருக்குமென எண்ணி, நாட்கோப்பைக் கொண்டு இந்திய நேரம் அதிகாலை 2 மணிக்குப் பக்கத்தை ஆக்குவதாகக் கொள்வோம். ரங்கத் துறையைப் பற்றித் திங்கள் மாலை 4 மணிக்கு ஒருவர் செய்த திருத்தம் செவ்வாய் 2 மணிப் பக்கத்தில் இராது. புதன் 2 மணிக்கே தோன்றும். இடைவெளி 34 மணி. காலை 7 மணிக்கு ஆக்கினால் அதே திருத்தம் செவ்வாயன்றே வரும். இடைவெளி 15 மணி மட்டுமே. எனவே, செய்தி எப்போது வெளிவருகிறதோ அதனை ஒட்டியே வேளையைக் குறித்தல் வேண்டும்.

யுனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் இவ்வேலையைக் கிரான் என்னும் நிரல் செய்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்களில் வேளை எழுதப்படும். உடுக்குறி ‘ஒவ்வொன்றும்’ எனப் பொருள்படும். சர்வர் பொதுநேரத்தில் இயங்கினால் இந்திய நேரத்திலிருந்து 5.30 மணியைக் கழித்து எழுதுக. காலை 7 மணிக்கு:

30 1 * * *

ஸ்ரீ விஜயபுரம் எனப் 2024-இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், ஜூன் மாதத்தில் காலை 5 மணி அளவிலேயே சூரியன் உதித்துவிடும். விடியலில் புறப்படுவோர்க்கு 7 மணிப் பக்கம் பயன்படாது. அவர்களுக்காக மணிக்கோப்பைக் கொண்டு 4 மணிக்கு ஆக்கலாம். அது பொதுநேரத்தில் முந்தைய நாள் 22.30 ஆகும். ஆதலின் திங்கட்கிழமைதோறும் ஆக்க வேண்டின் கிழமை இடத்தில் ஞாயிற்றைக் குறிக்கும் 0 எழுதுக. திங்களைக் குறிக்கும் 1 எழுதினால் பக்கம் செவ்வாயன்றே ஆகும்.

மேலும் மூன்று காப்புகள் தேவை. முதலாவது, ஓர் ஆக்கம் முடியுமுன் அடுத்தது தொடங்காதவாறு தடுத்தல். இரண்டாவது, புதிய பக்கத்தை வேறிடத்தில் ஆக்கிச் சரிபார்த்தபின்னரே பழையதன் இடத்தில் வைத்தல். ஆக்கம் தவறினும் பழைய பக்கம் அழியாது. மூன்றாவது, செய்தி எந்த நாள், எந்த மணி வரையிலானது என்பதைப் பக்கத்தின் தலைப்பிலேயே அச்சிடுதல். ஆக்கிய மணியை மட்டும் இட்டால், பழைய கோப்பிலிருந்து ஆன பக்கமும் புதியதுபோலத் தோன்றும்.

ஆசிரியர்கள் மேற்கண்ட திங்கள்–செவ்வாய்க் கணக்கை மாணவரைக் கொண்டு கரும்பலகையில் செய்வித்தல் நலம். களப்பணியாளர் பக்கத்தை இறக்கியதும் முதற்கண் அதன் மணியைப் பார்த்தல் வேண்டும். இடிந்த துறையை நல்ல துறையென நம்பிப் படகைச் செலுத்துவோர்க்கு அந்த ஒரு வரியே எச்சரிக்கையாகும்.