அசல் ஏன் குறையவில்லை?



ரெக்கரன்ஸ் ரிலேஷன் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கும் அப்படித்தான். ஃபார்முலாவை மனப்பாடம் செய்துகொண்டு போய், எண்களை மாற்றிக் கேட்டதும் யூனிட் டெஸ்டில் கோட்டை விட்டவன் நான். பிறகு அது எனக்குப் புரிந்தது எங்கள் வீட்டுக் கடன் கணக்கில்தான்.

முந்தைய எண்ணை வைத்து அடுத்த எண்ணைச் சொல்லும் விதிக்குப் பெயர் ரெக்கரன்ஸ் ரிலேஷன். தொடக்க எண்ணும் விதியும் தெரிந்தால் படிப்படியாக ஏறிப் போகலாம். ஆனால் 80-ஆவது படியில் என்ன இருக்கிறது என்று அறிய 80 படியும் ஏற வேண்டுமா? வேண்டாம். நேரே அங்கே போக வழி கண்டுபிடிப்பதைத்தான் 'தீர்ப்பது' என்கிறோம்.

என் அட்மிஷனுக்காக அம்மா 20,000 ரூபாய் இரண்டு வட்டிக்கு வாங்கினார். அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். மாதாமாதம் 400 ரூபாய் கட்டியதில் இரண்டு வருடத்தில் 9,600 ரூபாய் போனது. ஒருநாள் கேட்டார்: "கட்டிக்கிட்டேதான் இருக்கேன், அசல் அப்படியே நிக்குதேடா. மாசம் நூறு சேத்துக் கட்டினா எப்ப முடியும்?" டிப்ளமோ படிக்கிற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

படி 1: விதியை எழுதுதல். ந மாதம் கழித்து நிற்கும் பாக்கி க(ந) என்போம். பாக்கியோடு வட்டி சேரும், கட்டும் 500 கழியும்.

க(ந+1) = 1.02 × க(ந) – 500; க(0) = 20,000

போட்டுப் பாருங்கள்: 19,900, 19,798, 19,693.96... முதல் மாதம் 100 குறைகிறது, அடுத்த மாதம் 102. குறைவதும் வளர்கிறது!

படி 2: அசையாத எண். எந்தப் பாக்கி இருந்தால் கட்டும் 500-ம் வட்டிக்கே சரியாகப் போய்விடும்? 25,000. அதன் வட்டிதான் 500. அங்கே நின்றால் கடன் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

படி 3: இடைவெளியைப் பார்த்தல். விதியின் இரு பக்கமும் 25,000-ஐக் கழித்தால்,

க(ந+1) – 25,000 = 1.02 × [க(ந) – 25,000]

500 மறைந்துவிட்டது பார்த்தீர்களா! இடைவெளி மாதாமாதம் 1.02 மடங்காகிறது, அவ்வளவுதான். தொடக்க இடைவெளி 5,000. எனவே,

க(ந) = 25,000 – 5,000 × (1.02)^ந

படி 4: பாக்கி பூஜ்யமாக, (1.02)^ந = 5. லாக் எடுத்தால் 0.6990 ÷ 0.0086 = 81.3. ஆக, 82-ஆவது மாதம் கடன் தீரும்.

இப்போது 400-ஐப் போட்டுப் பாருங்கள். அசையாத எண் 20,000. நாங்கள் அந்த எண்ணின் மேலேயே உட்கார்ந்திருந்தோம்! இடைவெளி பூஜ்யம், பூஜ்யத்தை எத்தனை முறை 1.02-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தானே?

600 கட்டினால் அசையாத எண் 30,000, இடைவெளி 10,000. (1.02)^ந = 3. விடை 55.5, அதாவது 56 மாதம். மாதம் நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டியதில் 26 மாதம் குறைகிறது. மொத்தத்தில் 7,300 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

மறுநாள் காலையில், "அறுநூறு கட்டினா நாலு வருஷம் எட்டு மாசம்மா" என்றேன். அம்மாவுக்கு லாக் தெரியாது. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப அறுநூறே கட்டிடலாம்" என்றார். கடன் கொடுத்தவரும் வட்டி போக மிச்சத்தை அசலில் வரவு வைக்க ஒத்துக்கொண்டார். அந்தக் கூடுதல் 200, மாலையில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைச் சம்பளத்திலிருந்து போகிறது.

உங்களுக்கு ஒரு பயிற்சி: 1883-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிர். ஒரு வட்டு கூடினால் நகர்த்தல்கள் இரு மடங்காகி ஒன்று கூடும். ஒரே வட்டுக்கு 1 நகர்த்தல். இங்கே அசையாத எண் –1. ந வட்டுகளுக்கு விடை 2^ந – 1 என்று வருகிறதா, பாருங்கள்.

ஃபார்முலா மறந்து போகலாம், தோழர்களே. அசையாத எண்ணைத் தேடு, இடைவெளியைப் பார் என்ற இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். பரீட்சையிலும் கைகொடுக்கும், வீட்டிலும் கைகொடுக்கும்.